திசைவிரதமும் திரைகடல் வாணிகமும்

இல்லறத்தார்க்கு ஆசிரியப் பெருமக்கள் விதித்த விரதங்களுள், நம்மவர் பெயரளவில் மட்டும் அறிந்து கடந்துபோவது திசைவிரதம். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை ஆகியவற்றைப் பற்றி நம் இல்லங்களில் பேச்சு நிகழ்கிறது. ஆனால், கிழக்கே இந்த ஆறு வரை, மேற்கே அந்த மலை வரை, இவற்றிற்கப்பால் செல்லேன் என்று ஒருவர் உறுதி பூணுவதால் உலகிற்கு விளையும் நன்மை யாது என்று இளைஞர் வினவும்போது, பெரியோர் பலரும் தயங்குகின்றனர். 'அது துறவுக்குப் பயிற்சி' என்ற விடை பொதுவாகக் கூறப்படுகிறது. அது தவறன்று, எனினும் முழு விடையும் அன்று. அவ்விரதம் எத்தகைய மக்களை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால் அதன் பொருள் வேறு கோணத்தில் விளங்கும். அம்மக்களில் பெரும் பகுதியினர் வணிகர்.

தமிழகத்தில் நம் சமயத்தின் மிகப் பழைய சான்றுகள் மலைக்குகைக் கல்வெட்டுகளே. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில் துறவியர்க்கு உறைவிடம் அமைத்தோருள் வெள்ளறை நிகமத்தார் இருந்தனர். நிகமம் என்பது வணிகர் குழு. அழகர்மலையில் உப்பு வாணிகனும், கொழு வாணிகனும், பாணிதம் விற்போனும் தத்தம் பெயரைக் கற்படுக்கையருகே பொறித்துச் சென்றனர். புகலூரில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் கொடை காணப்படுகிறது. இன்று தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவரும் ஊதியம் பெறுவோருமாக இருப்பதால் இச்செய்தி நமக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், துறவியர் அறம் உரைத்தபோது எதிரில் அமர்ந்து கேட்டவருள் வண்டியோட்டிய கால்களும் தராசு பிடித்த கைகளும் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது.

அக்காலத்து வாணிகம் அண்டையூர்ச் சந்தையோடு நின்றதன்று. முசிறித் துறையோடு தொடர்புடைய ஒப்பந்தம் ஒன்று பாபிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, கி.பி. 2 ஆம் நூற்றாண்டினதாக இன்று வியன்னா நகரில் உள்ளது. கடன் பெற்ற வணிகன் ஒருவன், செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை நம்பிக்கைக்குரிய ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, காவலுடன் பாலைவனத்தைக் கடத்தி, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவிற்குக் கொண்டு சேர்ப்பதாக அதில் உறுதி கூறுகிறான். நாலில் ஒரு பங்கு சுங்கம். தாளின் மறுபுறம் எர்மபோலோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு. அதில் கங்கைப் பகுதியின் நறுமணச் சடாமாஞ்சி உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட யானைத் தந்தங்களும் உண்டு.

இந்தத் தாளை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஒட்டகக்காரன் எத்தகையவனாயிருக்க வேண்டும், சரக்கு எந்தக் கிடங்கில் எவருடைய முத்திரையின்கீழ் வைக்கப்பட வேண்டும் என்பன போன்ற செய்திகளில் எத்துணை விழிப்பு! ஒரு கை மற்றொரு கையிடம் பொருளை மாற்றும் ஒவ்வோரிடத்திலும் இழப்பு நேராதிருக்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. ஆனால் கிடைத்துள்ள பகுதியில், அந்தத் தந்தங்கள் எந்தக் காட்டிலிருந்து, எவரால், எவ்வாறு பெறப்பட்டன என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. நூறு தந்தம் என்றால் ஐம்பது யானைகளுக்குக் குறையாது. இறந்துபட்ட யானையின் கொம்பும் அவற்றுள் சில இருந்திருக்கலாம். கொன்று பெற்றவை எத்தனை என்று கேட்க அந்த வணிகனுக்கு எந்தத் தேவையும் நேரவில்லை.

கொற்கை முத்தின் செய்தி இதனினும் கொடிது. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியைப் பற்றி எழுதிய கிரேக்க மாலுமி, பாண்டியனுக்குரிய கொற்கையில் முத்துக் குளிப்போர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று குறிக்கிறார். முத்துச் சிப்பிகள் அள்ளி வரப்பட்டுக் கரையில் குவிக்கப்படும். உள்ளிருக்கும் உயிர் வெயிலில் மடிந்து அழுகிய பின்னரே அலசி முத்தெடுப்பர். பல நூறு சிப்பிகளில் சிலவற்றிலேயே நல்ல முத்து கிட்டும். உரோமாபுரியில் அம்முத்தை அணிந்த செல்வப் பெண்மணிக்கு, சங்கிலியிட்ட மனிதனும் தெரியான். அழுகிய சிப்பிக் குவியலின் நாற்றமும் எட்டாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விலை ஒன்றே. தூர வாணிகத்தின் இயல்பு இது. பொருள் கடல் கடக்கிறது. அதன் வரலாறு கரையிலேயே நின்றுவிடுகிறது.

கருநாடகத்து ஐகொளெயைத் தாயகமாகக் கூறிக்கொண்ட ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழுவினர், பிற்காலத்தில் தம்மைத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று பெருமையுடன் அழைத்துக்கொண்டனர். அதே ஐகொளெயில்தான் கி.பி. 634 இல் இரவிகீர்த்தி எழுப்பிய நம் மேகுதிக் கோயில் குன்றின்மேல் நிற்கிறது. ஒரே ஊர், ஒருபுறம் திசைக்கு எல்லை வகுக்கும் சமயத்தின் கோயிலையும், மறுபுறம் ஆயிரம் திசைகளைப் பெயரிலே சூடிய வணிகரையும் ஈன்றது என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று, கி.பி. 1088 ஆம் ஆண்டினது, சுமத்திராத் தீவின் வாரோசுப் பகுதியில் கிடைத்துள்ளது. அவ்விடம் கற்பூரத்திற்குப் பெயர்பெற்றது. அங்குக் கற்பூரம் எடுக்க நெடுமரங்களை வெட்டி வீழ்த்திப் பிளந்தனர்; வெட்டிய மரம் எல்லாவற்றிலும் கற்பூரம் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

அக்கால வாணிகம் காற்றின் வசத்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஒரு திசையில் கப்பலைச் செலுத்தும். வடகிழக்குக் காற்று மறுதிசையில் திருப்பும். ஒரு கேள்வி எழுதி அனுப்பினால் விடை வர ஓராண்டும் ஆகலாம். ஆகவே முதலாளி ஊரில் இருப்பான். முகவர் வேற்றுத் துறையில் இருப்பார். கெய்ரோ நகரின் யூதத் தொழுகைக்கூடத்துப் பழஞ்சுவடிக் குவியலில் கிடைத்த கடிதங்கள் இம்முறையை நமக்கு அருகில் காட்டுகின்றன. 12 ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிசூ என்னும் வணிகர், பொம்மா என்ற இந்நாட்டு ஏவலரை ஏடனுக்கு அனுப்பித் தம் வாணிகத்தை நடத்தினார். ஏடனிலிருந்தவர்கள் அவரிடமே சரக்கும் செய்தியும் கொடுத்தனுப்பினர். முதலாளியின் கை இருந்த இடத்தில் இருந்தது. அதன் நிழல் கடல் முழுதும் நீண்டது.

இப்பொழுது நம் ஆசாரியர்களிடம் வருவோம். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் திசைவிரதத்திற்கு எல்லைகளாகக் கூறுவன கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தூரம் என்பன. நம் அருங்கலச்செப்பும் அந்நூலின் நெறியில் செல்வதே. இவை ஒரு முனிவரின் கற்பனையில் உதித்த எல்லைகள் அல்ல. சாத்துக் கூட்டத்தோடு சென்ற எந்த வணிகனைக் கேட்டாலும் தன் வழியை இந்த அடையாளங்களைக் கொண்டே சொல்லியிருப்பான். வணிகன் எந்தக் குறிகளைக் கொண்டு தன் பயணத்தை விரித்தானோ, அதே குறிகளைக் கொண்டு அவனுடைய அவாவைச் சுருக்க ஆசாரியர் முயன்றார். அந்த எல்லைக்கு அப்பால் நுண்ணிய தீவினையும் நீங்கிவிடுவதால், இல்லறத்தானின் அணுவிரதம் அவ்வளவில் மகாவிரதத் தன்மை எய்துகிறது என்பது அவர் கூறும் பயன்.

எல்லை வகுத்துவிட்டால் போதுமா? மனிதன் சூழ்ச்சி மிக்கவன் என்பதை ஆசாரியர்கள் நன்கு அறிவார்கள். தேசவிரதத்திற்கு உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் குறிக்கும் ஐந்து அதிசாரங்களைப் பாருங்கள். எல்லைக்கு வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவரச் செய்தல். ஏவலாளை வெளியே அனுப்புதல். குரல் காட்டிக் காரியம் முடித்தல். உருவைக் காட்டி முடித்தல். கல்லோ மண்ணோ எறிந்து குறிப்புணர்த்தல். விரதம் பூண்ட ஒருவர் எல்லைக்கோட்டில் நின்று கனைத்து, அப்பால் நிற்கும் பணியாளைத் திரும்பிப் பார்க்கவைக்கும் காட்சியை மனத்தில் காணும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் முதலிரண்டைப் படிக்கும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது. பொருளை வரவழைத்தலும் ஆளை அனுப்புதலும் தவிர்த்துத் தூர வாணிகம் என்று வேறொன்று உண்டா? கடலோடாமலே கடல் வாணிகம் செய்வோன் 'நான் என் திண்ணையை விட்டு அகலவில்லையே' என்று கூற இயலாதபடி அந்த வாயில் அடைக்கப்பட்டுள்ளது. தேசவிரதம் குறித்த காலத்திற்குக் கொள்ளும் விரதம். ஆகவே இது வாணிகத்தை அறவே தடுக்கும் விதி அன்று. எனினும், தூரத்தில் நிகழ்வது தன்னுடையதன்று என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது.

கி.பி. 8 ஆம் நூற்றாண்டினரான அகளங்கர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். பயனில் தீமைகளை விலக்கும் அநர்த்ததண்ட விரதத்தை இராசவார்த்திகத்தில் விளக்கும்போது, பாவ உபதேசம் என்பதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் சில வாணிகத்திலிருந்து எடுத்தவை. ஒரு நாட்டில் அடிமைகள் மலிவாகக் கிடைக்கின்றனர், அவர்களை இன்ன நாட்டிற்குக் கொண்டுசென்று விற்றால் பேரூதியம் கிட்டும் என்று ஒருவனுக்கு எடுத்துரைப்பதே பாவம் என்கிறார். ஆடுமாடுகளைப் பற்றி அவ்வாறு உரைப்பதும் அப்படியே. சொன்னவன் வாங்கவில்லை, விற்கவில்லை, ஒரு காசு ஊதியமும் பெறவில்லை. இரு நாட்டு விலை வேற்றுமையை வாயால் கூறினான், அவ்வளவே. தூர வாணிகத்தின் உயிர்நாடி எது என்பதை இதனினும் கூர்மையாக ஒரு பொருளியல் நூல் கூறிவிட முடியாது. இங்கே மலிவு, அங்கே உயர்வு என்னும் செய்திதான் கப்பலைச் செலுத்தும் முதற்காற்று. அந்தக் காற்று மனித உயிரைச் சரக்காக்கும் இடத்தில், அதை ஊதிய வாயும் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் தீர்த்துரைத்தார்.

இங்கே ஒரு தடையைக் கருத வேண்டியுள்ளது; அதுவும் சமணத்தின் உள்ளிருந்தே எழுவது. குசராத்தில் 12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவேதாம்பரப் பேராசான் ஏமசந்திரர், யோகசாத்திரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைக் கூறுகிறார். தந்த வாணிகம் அவற்றுள் ஒன்று. ஆனால், அது கிடைக்கும் இடத்திற்கே சென்று கொள்வதைத்தான் அவர் அச்சொல்லால் குறிக்கிறார். வணிகன் வருவான் என்று தெரிந்தால், அதிலும் முன்பணம் பெற்றுவிட்டால், வேடர் அதன்பொருட்டே யானையைக் கொல்வர் என்பது காரணம். பிறப்பிடமல்லாத வேறிடத்தில், சந்தைக்கு வந்துவிட்ட தந்தத்தை வாங்குவதில் குற்றமில்லை என்பது அம்மரபின் விளக்கம்.

இவ்விலக்கு நியாயமானதா? பட்டண நகரத்து வணிகரின் நிலையில் நின்று பார்த்தால் அதன் நேர்மை ஓரளவு புரிகிறது. 10 ஆம் நூற்றாண்டின் அரபு ஆசிரியர் மசூதி, கிழக்கு ஆப்பிரிக்கத் தந்தம் ஓமான் நாட்டிற்குச் சென்று அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனத்திற்கும் செல்வதாக எழுதினார். அத்தனை கைகள் மாறிய ஒரு கொம்பைக் கையிலெடுத்து, இது இயல்பாய் இறந்த யானையினதா, கொல்லப்பட்டதா என்று எவர் சொல்ல வல்லார்? அறிய இயலாததற்கு ஒருவனைப் பொறுப்பாக்குவது அறமாகாது.

ஆயினும் நம் உள்ளம் இதில் அமைதி கொள்ளவில்லை. வேடனுக்கு முன்பணம் கொடுப்பது கொலைக்குத் தூண்டுதல் என்றால், ஆண்டுதோறும் தவறாமல் வாங்கும் சந்தை நெடுங்கால முன்பணமன்றி வேறென்ன? ஓமான் வணிகன் ஆப்பிரிக்கக் கரையில் கொடுக்கும் பொருள், குசராத்து வணிகன் நிச்சயமாக வாங்குவான் என்ற நம்பிக்கையின்மேல் கொடுக்கப்படுவது. கைகள் பெருகியதனால் தூண்டுதல் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூவகையாக வினையைப் பகுத்த சமயம் நம்முடையது. வேடன் செய்தான், துறைமுகத்தான் செய்வித்தான், கடைசியில் வாங்கியவன் உடன்பட்டான். பத்துப் பேர் கூடிச் செய்த பாவம் பத்தில் ஒன்றாகப் பங்கிடப்படும் என்று வினைக்கொள்கை எங்கும் கூறவில்லை.

இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே வழிகாட்டுவது இம்சையின் இலக்கணமே. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். நான்குமுழ நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் பாதத்தின்கீழ் ஓர் உயிர் தற்செயலாய் மடிந்தால் அவருக்குப் பந்தம் இல்லை. நோக்காது நடப்பவனுக்கோ உயிர் எதுவும் மடியாவிடினும் பந்தம் உண்டு. இந்த அளவுகோலை வணிகன்மேல் வைத்துப் பார்ப்போம். அறிய முயன்றும் அறிய முடியாதவன் வேறு. அறியாதிருப்பதே ஊதியம் என்று அறியாதிருப்பவன் வேறு. முசிறி ஒப்பந்தத்து வணிகன் ஒட்டகக்காரனின் நேர்மையைப் பற்றி அத்துணை விசாரித்தவன். விசாரிக்கும் ஆற்றல் அவனுக்கு இல்லாமலில்லை. தன் பொருளுக்கு நேரும் இழப்பில் இருந்த விழிப்பு, பிற உயிருக்கு நேரும் இழப்பில் இல்லை. இதுவே பிரமாதம்.

ஆகவே, திசைவிரதத்தில் எல்லை இத்தனை யோசனை என்று ஆசாரியர்கள் விதிக்காமல், பூணுபவரே வகுத்துக்கொள்ளும்படி விட்டதற்கு ஆழ்ந்த பொருள் உண்டு என்று நாம் கருதுகிறோம். ஒருவருடைய விழிப்பு எட்டும் தூரம் வேறு, மற்றொருவருடையது வேறு. தான் விசாரித்துப் பொறுப்பேற்கக்கூடிய தொலைவு எவ்வளவு என்று வணிகன் தன்னையே கேட்டுத் தன் வாணிகத்தின் எல்லையை அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவ்விரதத்தின் உட்கிடை.

தூர வாணிகமே தீது என்று இதனால் நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. கட்சுப் பகுதியின் பத்திரேசுவரத்தில் வாழ்ந்த சமண வணிகர் சகடு, பாரசீகக் கரைகளோடு கப்பல் வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டியவர். கி.பி. 1256 முதல் 1258 வரை மேற்கு இந்தியாவை வருத்திய பஞ்சத்தில் அவர் தம் களஞ்சியங்களைத் திறந்தார். சகடுசரிதம் என்னும் வடமொழிக் காவியம், அவர் தானியத்தை ஏழைகளுக்கென்றே குறித்து வைத்திருந்ததாகவும், மன்னர்களும் அவரிடம் தானியம் பெற்றதாகவும் கூறுகிறது. முகமதிய வணிகர்க்குத் தொழுகைப் பள்ளி கட்டுவித்ததையும் அந்நூல் குறிக்கிறது. காவியத்தில் புகழ்ச்சி மிகுவது இயல்பே. எனினும், பல ஊர்களில் கிடங்கும் முகவரும் உடைய ஒருவராலேயே பல ஊர்ப் பசியை ஆற்ற முடிந்தது என்பது உண்மை. திண்ணையை விட்டு அகலாத நல்லவர் எத்தனை பேர் இருந்தும் அவ்வுதவி கிட்டியிராது. அளவுமீறிச் சேர்த்து வைத்தலைப் பொருள்வரைதலின் அதிசாரமாகச் சமந்தபத்திரர் கூறினார். மாடுகளை அளவுமீறி ஓட்டுவதையும், அளவுமீறிச் சுமையேற்றுவதையும், பிறர் ஊதியம் கண்டு மலைப்பதையும் உடன் வைத்தார். அதே களஞ்சியம் பதுக்கலும் ஆகலாம், அறச்சாலையும் ஆகலாம். சகடுவின் கை எத்திசையில் நீண்டதோ அத்திசையின் துயரத்தையும் அவர் அறிந்திருந்தார் என்பதே நாம் அவரிடம் போற்றுவது.

இவையெல்லாம் பழங்கதை, நமக்கும் கடல் வாணிகத்திற்கும் என்ன தொடர்பு என்று நெல்விளைக்கும் நம் குடும்பத்தார் கேட்கலாம். விற்பவராக நாம் அச்சங்கிலியில் இல்லாவிடினும் வாங்குபவராக இருக்கிறோம். பட்டைப் பற்றிய கேள்வி நம்மிடையே புதிதன்று. கூட்டுப்புழுவை உள்ளே வைத்தே கொதிநீரில் இட்டு இழையெடுப்பர் என்பதை அறிந்து, மணவறையிலும் பருத்தியையே உடுத்தும் குடும்பங்கள் உள்ளன. முத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகள். கொற்கையில் போலத் தண்டனை பெற்றோர் எவரும் அவற்றிற்காகக் கடலில் மூழ்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உயிருள்ள சிப்பியின் உடலைக் கீறி உள்ளே கருவை வைத்தே அம்முத்து வளர்க்கப்படுகிறது. அறுவடையில் சிப்பி பெரும்பாலும் மடிகிறது. நகைக்கடைக்காரரைக் கேட்டால் அவருக்கு விலையும் தரமும் தெரியும்; எந்த நீரில் வளர்ந்தது என்பது தெரியாமலிருக்கலாம். அவர் வாங்கிய மொத்த வணிகருக்கும் தெரியாமலிருக்கலாம். வரும் தை மாத முகூர்த்தங்களுக்கு நகை எடுக்கப் புறப்படுமுன், பெரியோரும் மணமக்களும் வீட்டில் அமர்ந்து இதைப் பற்றிச் சற்றே பேசிக்கொள்வது நன்று.